மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் தடுப்பூசி: கேள்வி பதில்

கேள்வி: மேடம், நர்சிங் முதலாண்டு. பயிற்சிக்கு இன்னும் மூணு மாசம்தான். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசி ஒரு டோஸ்கூட போடல. முடிச்சிடலாமா?

பதில்: மூன்று டோஸையும் முடிக்க முடியாது. வழக்கமான கணக்கு 0, 1, 6 மாதம். அவசரத்துக்குச் சுருக்கினாலும் முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் 16 வாரம் இருந்தே ஆக வேண்டும். அதற்கு முன் போட்ட டோஸ் கணக்கில் வராது. இன்றே முதல் டோஸ், 4 வாரத்தில் இரண்டாவது. மூன்றாவதுக்குத் தேதி குறித்த சீட்டைக் காட்டி, தற்காலிக அனுமதி கிடைக்குமா என்று கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். சில நாடுகளில் ஹெப்லிசாவ் பி என்ற வேறு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கிடைக்கும். 18 வயது ஆனவர்களுக்கு 4 வார இடைவெளியில் இரண்டே டோஸ்.

கேள்வி: குழந்தையிலேயே மூணு டோஸும் போட்டாச்சு, சான்றும் இருக்கு. இப்போ டைட்டர் 4. மறுபடி முதல்லேர்ந்தா?

பதில்: வேண்டாம். டைட்டர் என்பது ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) எவ்வளவு என்ற எண். ஒரு மில்லிலிட்டருக்கு 10 எம்ஐயு (அதை அளக்கும் அலகு) இருந்தால் போதும் என்பது அளவு. குழந்தையில் போட்டவர்களுக்கு வருஷம் போகப் போக ரத்தத்தில் ஆன்டிபாடி இறங்குவது சகஜம். உடம்பு மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு டோஸ் போட்டு 1–2 மாதம் கழித்துப் பாருங்கள். 10-ஐத் தொட்டால் விஷயம் முடிந்தது. தொடாவிட்டால்தான் மீதி இரண்டு டோஸ், திரும்பவும் பரிசோதனை. அப்போதும் ஏறாவிட்டால் தொற்று ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால், தடுப்பூசி போட்டும் ஆன்டிபாடி ஏறாத சிலரில் நீங்கள் ஒருவர். பயிற்சிக்குத் தடையில்லை, ஆனால் நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி கையில் குத்தினால் அன்றைக்கே சொல்லி இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள ஆன்டிபாடி மருந்து) போட்டுக்கொள்ள வேண்டும்.

லேபில் ‘ஹெபடைடிஸ் பி டெஸ்ட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென்னை எடுத்து ‘நெகட்டிவ்’ என்று கொடுத்துவிடுவார்கள். அதில் எதிர்ப்பு சக்தி பற்றி ஒன்றுமே இல்லை. கேட்க வேண்டியது எதிர்ப்பு சக்தியைப் பார்க்கும் ஆன்டி ஹெச்பிஎஸ், எண்ணோடு. இன்னொன்று: ஊசி போட்ட கையோடு அந்த ஆன்டிஜென் பரிசோதனைக்குப் போனால் 18 நாள்வரைகூட பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். வீண் பயம்.

கேள்வி: எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி) ரெண்டு டோஸ் சான்று இருக்கு. ரத்தத்தில் ருபெல்லா நெகட்டிவ்னு வருதே?

பதில்: 28 நாளாவது இடைவெளி விட்டு முறையாகப் போட்ட இரண்டு டோஸ் சான்றுதான் பெரிது. சான்று இருக்கும்போது டைட்டர் எடுத்ததே வேண்டாத வேலை.

கேள்வி: சின்ன வயசுல சிக்கன்பாக்ஸ் வந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. போதுமா?

பதில்: போதாது. டாக்டர் எழுதிய பதிவு வேண்டும், அல்லது ரத்தத்தில் ஐஜிஜி (அந்த நோய்க்கான ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சிக்கன்பாக்ஸ் தடுப்பூசி 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ். கர்ப்பமாக இருந்தால் இதுவும் எம்.எம்.ஆரும் கூடாது, இரண்டும் உயிருள்ள கிருமி ஊசி. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் 28 நாள் காத்திருக்கணும்.

கேள்வி: போன வாரம் எம்.எம்.ஆர். போட்டேன் மேடம். நாளைக்கு மாண்டூ (காசநோய்த் தொற்றுக்கான தோல் பரிசோதனை) போடலாமா?

பதில்: போடாதீர்கள். எம்.எம்.ஆர். போட்ட அன்றைக்கே போட்டிருக்கலாம். தவறிவிட்டதால் 4 வாரம் பொறுக்கணும். நடுவில் போட்டால் காசநோய்த் தொற்று இருந்தும் தடிப்பு வராமல் ஏமாற்றும். 48–72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதால் வியாழன் போட்டால் சனி, ஞாயிறில் மாட்டிக்கொள்வீர்கள். சிவப்பை அளக்கக் கூடாது. விரலால் தடவிக் கெட்டியான தடிப்பின் ஓரம் பிடித்து, முன்கைக்குக் குறுக்கே அளக்கணும். தடிப்பே இல்லையென்றாலும் ‘0 மி.மீ.’ என்று எழுதி வாங்குங்கள். வெறும் ‘நெகட்டிவ்’ சீட்டு திரும்பி வரும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களுக்கு அதனாலேயே தடிப்பு வரலாம். அவர்களுக்கு காசநோய்த் தொற்றைப் பார்க்கும் இக்ரா ரத்தப் பரிசோதனை மேல்.

கேள்வி: அடிபட்டப்போ டி.டி. போட்டேன். அது சேருமா?

பதில்: சேராது, அதில் கக்குவான் இருமலுக்கு மருந்தில்லை. டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றுக்குமான ஊசி) ஒரு டோஸ் வேண்டும், பிறகு 10 வருஷத்துக்கு ஒரு பூஸ்டர். ஃப்ளூ ஊசி ஒவ்வொரு வருஷமும், அந்தப் பருவத்து மருந்தாக.