சினிமா நடக்கும் ஊருக்குப் போகாமலேயே திரைக்கதை எழுத்தாளராக முடியுமா?

முடியும். ஆனால் "எழுதத்தானே போகிறாய், எங்கே உட்கார்ந்து எழுதினால் என்ன" என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். எழுதுவதற்குத் தூரம் ஒரு தடையே இல்லை. எழுதியதை யாராவது எடுத்துப் படிக்க வேண்டும், படித்தவர் உங்களை நம்பிப் பணம் போட வேண்டும். தூரம் உதைப்பது அங்கேதான்.

நானும் ஊரை விட்டு நகராமல் இந்த வேலையைச் செய்கிறவன். பெரும்பாலும் வசனமும் அடுத்தவர் திரைக்கதையைச் சீர்படுத்துவதும், எப்போதாவது முழுத் திரைக்கதையும். பெரிய பெயர் எதுவும் இல்லை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரத்தில் இருந்தபடி ஜெயித்தவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்று பாருங்கள். எம்.டி. வாசுதேவன் நாயர் கோழிக்கோட்டில் மாத்ருபூமி வார இதழில் வேலை பார்த்தவர். அவர் முதலில் திரைக்கதை எழுதிய 'முறப்பெண்ணு' வந்தது 1965இல். அன்று மலையாளப் படத் தயாரிப்பில் பெரும்பகுதி சென்னையில்தான் நடந்தது. ஜெயமோகன் நாகர்கோவிலில் இருந்துகொண்டே 'நான் கடவுள்' (2009), 'அங்காடித் தெரு' (2010) என்று படங்களுக்கு வசனம் எழுதினார். அமெரிக்காவில் டயப்ளோ கோடி, ஹாலிவுட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மினியாபொலிஸில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தார். அதைப் படித்த சினிமாக்காரர் ஒருவர்தான் அவரைத் திரைக்கதை எழுதிப் பார்க்கச் சொன்னார். அப்படி எழுதிய 'ஜூனோ' 2007இல் வந்தது, அடுத்த ஆண்டு அதன் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

மூன்று பேரையும் அடையாளம் காட்டியது திரைக்கதை அல்ல. எம்.டி.க்குச் சிறுகதைகளும் நாவல்களும், ஜெயமோகனுக்கு 'விஷ்ணுபுரம்' போன்ற நாவல்கள், கோடிக்கு வலைப்பதிவு. திரைக்கதையை யாரும் ஆசைக்காகப் புரட்டுவதில்லை. கதையையும் கட்டுரையையும் படிப்பார்கள், பிடித்தால் நாலு பேருக்கு அனுப்புவார்கள். அப்படிக் கைமாறிப் போகும்போது ஒருநாள் அது ஒரு உதவி இயக்குநரின் கைபேசிக்குப் போய்ச் சேரும். நேரில் போய் வாசலில் நிற்க முடியாதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எனவே பவுண்ட் ஸ்கிரிப்டை, அதாவது வசனம்வரை எழுதி முடித்த முழுத் திரைக்கதையை, மேஜைக்குள் அடுக்கிக்கொண்டே போகாமல், பொதுவில் படிக்கக் கிடைக்கும்படி ஏதாவது எழுதிக்கொண்டே இருங்கள். சிறுகதைதான் என்றில்லை. ஒரு படத்தின் இடைவேளைக் காட்சி ஏன் வேலை செய்கிறது என்று நன்றாக எழுதினால்கூடப் போதும். எனக்கு வந்த முதல் வேலை அப்படி ஒரு கட்டுரையைப் படித்தவரிடமிருந்துதான்.

அப்புறம் மின்னஞ்சல். "ஐயா, வித்தியாசமான கதை ஒன்று வைத்திருக்கிறேன், நேரில் சொல்ல வாய்ப்புத் தாருங்கள்" என்று எழுதினால் பதில் வராது. ஒன்லைனை, அதாவது கதையின் சாரத்தை ஓரிரு வரியில், அங்கேயே வைத்துவிட வேண்டும். உதாரணத்துக்கு: "ஓய்வுபெற ஒரு வாரமே இருக்கும் சிறைக் காவலர், தூக்குக் கைதி ஒருவன் நிரபராதி என்று தெரிந்துகொள்கிறார். அதை நிரூபித்தால் தன் மகன் உள்ளே போவான்." யார், என்ன சிக்கல், எதை இழப்பார் என்ற மூன்றும் அதில் வந்துவிட்டது. இதைப் பெரிய தயாரிப்பாளருக்கும் நட்சத்திரத்தின் மேலாளருக்கும் அனுப்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம். முதல் படத்துக்குக் கதை தேடும் உதவி இயக்குநர்கள், குறும்படம் எடுப்பவர்கள் ஆகியோருக்கு அனுப்புங்கள். உங்களுக்கு அவர்கள் எவ்வளவு தேவையோ, அவர்களுக்கும் நீங்கள் அவ்வளவு தேவை.

கதை கேட்க ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் காணொளியில்தான் கேட்பார்கள். நேரில் கதை சொல்லும்போது கேட்பவரின் முகமே உங்களுக்கு வழிகாட்டும். சலிப்புத் தட்டினால் அடுத்த காட்சிக்குத் தாவிவிடலாம். காணொளியில் அவர் கேமராவை அணைத்து, மைக்கையும் மூடியிருப்பார். நீங்கள் சுவரிடம் சண்டைக்காட்சி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் இப்போது இரண்டு பக்கச் சுருக்கத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். இடைவேளைவரை அரை மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டு நிறுத்தி, "இதுவரை எந்த இடம் ஒட்டவில்லை?" என்று கேட்கிறேன். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பேசி முடித்த அன்றே, பேசியதை எழுதி அனுப்பிவிடுவேன்.

கதை திருடப்படும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. வெறும் கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை நீங்கள் எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே ஒன்லைனோடு நிற்காமல் முழுதாக எழுதிப் பதிவு செய்யுங்கள். மும்பையில் இருக்கும் திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். இந்த விஷயத்தில் தூரத்து ஆளுக்கு ஒரு லாபமும் உண்டு. ஓட்டல் அறையில் வாயால் சொன்ன கதைக்குச் சாட்சி கிடையாது. மின்னஞ்சலில் போனதற்குத் தேதி, நேரம், அனுப்பியவர், பெற்றவர் எல்லாம் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கேளுங்கள்: கைச்சாத்தின்போது அட்வான்ஸ், கதைச் சுருக்கம், முதல் வரைவு, இறுதி வரைவு. ஒரு கட்டத்துக்கான தொகை வந்த பிறகே அடுத்ததை அனுப்புங்கள். அலுவலக வாசலில் போய் உட்கார முடியாதவர் பாக்கியை வசூலிப்பது ரொம்பக் கஷ்டம், எனக்கே ஒரு கடைசித் தவணை இன்னும் வரவில்லை. டைட்டில் கார்டில் உங்கள் பெயர் எப்படி வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

தூரத்திலிருந்து முடியாத வேலைகளும் இருக்கின்றன. இயக்குநரும் உதவி இயக்குநர்களும் வாரக்கணக்கில் உட்கார்ந்து காட்சி காட்சியாக உடைக்கும் டிஸ்கஷன், பல எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதும் வெப் சீரிஸ், படப்பிடிப்புத் தளத்தில் அன்றைய காட்சிக்கு அன்றே வசனம் மாற்றுவது. இதில் ஏதாவது கிடைத்தால் அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் போய் இருந்துவிட்டு வாருங்கள். கையில் வேலை எதுவும் இல்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாடகைக்காக வேறு வேலைக்குப் போய், எழுத நேரமில்லாமல் போனவர்கள் அந்த ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.