சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சோதிக்கலாமா? கர்ப்பகால சர்க்கரை: கேள்வி-பதில்

ஆறாம் மாதம். இட்லி சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். வெறும் வயிற்றில்தானே எடுக்க வேண்டும்?

இந்தச் சோதனைக்குத் தேவையில்லை. சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்திய முறை இது. கணையம் சரியாக இருந்தால் சாப்பாட்டுக்கு மேல் குளுக்கோஸ் ஏறினாலும் சமாளித்துவிடும் என்பதே அதன் அடிப்படை. பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியை 'நாளைக்கு வெறும் வயிற்றோடு வாம்மா' என்று அனுப்பினால் பலர் திரும்ப வருவதில்லை. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்று 2007-இல் அரசு ஆணையிட்டதற்கும் அவருடைய முயற்சியே பின்புலம்.

75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து, 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கியதிலிருந்து சரியாக 2 மணி நேரத்தில் ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சர்க்கரை. அதுவரை ஓரிடத்தில் உட்கார்ந்திருங்கள்; இடையில் டீயோ பிஸ்கட்டோ வேண்டாம்.

தவறு பெரும்பாலும் கடிகாரத்தில்தான் நடக்கும். இரண்டரை மணி நேரம் கழித்து எடுத்தால் எண் இறங்கியிருக்கும். எடுத்த ரத்தம் சும்மா கிடந்தாலும் சிவப்பணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுவிடும். 146 இருந்தது 138 ஆகி, 'நார்மல்' என்று சீட்டு வந்துவிடும். சர்க்கரை குறையாமல் தடுக்க ஃப்ளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயிலும் முதல் சில மணி நேரம் இந்த இழப்பு முழுதாக நிற்காது. மாதிரியைச் சீக்கிரம் இயந்திரத்தில் சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரிக்க வேண்டும்.

குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டேன்.

30 நிமிடத்துக்குள் என்றால் மறுநாள் மறுபடியும் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு என்றால் சோதனையைத் தொடரலாம்.

மூன்றாம் மாதத்தில் 112 வந்தது. மறுபடியும் ஏன் கூப்பிடுகிறார்கள்?

நஞ்சுக்கொடி வளர வளர அதன் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு முட்டுக்கட்டை போடும். அது தெரியவருவது 24-28 வாரங்களில். முதல் சோதனை நார்மல் என்பது அன்றைய நிலவரம் மட்டுமே.

தனியார் லேபில் வெறும் வயிற்றில் 96, இரண்டு மணி நேரத்தில் 128. ஒரு டாக்டர் சர்க்கரை இருக்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார்!

இருவரும் வேறு வேறு அளவுகோலில் பேசுகிறார்கள். 9 நாடுகளில் 23,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்த 'ஹாப்போ' ஆய்வின் (2008) முடிவுகளை வைத்து ஒரு சர்வதேச நிபுணர் குழு 2010-இல் வகுத்த அளவுகோல் ஒன்று: வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153. ஒன்று எட்டினாலே சர்க்கரை. 140 விதியோ இரண்டாம் மணியை மட்டும் பார்க்கும். உங்கள் 96 அதன் கண்ணில் படாது. அந்த ஆய்வில் சர்க்கரை கூடக் கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடியதே தவிர, 'இதற்குக் கீழே பயமில்லை' என்று ஒரு கோடு தெரியவில்லை. கோடு நாம் போட்டது. என் கருத்தில் 96-ஐ விட்டுவிடக் கூடாது. உணவைத் திருத்திக்கொண்டு, வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டபின்னும் பார்த்துக் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

மருமகளுக்கு அரிசியை நிறுத்திவிட்டுக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்கிறேன். சர்க்கரை இறங்கவில்லையே?

மாவாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, டம்ளரில் குடித்தால் கேழ்வரகும் விறுவிறுவென்று ஏற்றும். அதுவும் காலையில்தான் இன்சுலின் எதிர்ப்பு அதிகம். இரண்டு இட்லி, நிறையக் காய்கறி போட்ட சாம்பார், அவித்த முட்டை அல்லது சுண்டல் கொடுத்துவிட்டு, 2 மணி நேரத்தில் பாருங்கள்; 120-க்குள் இருக்க வேண்டும். அரிசியை அடியோடு நிறுத்திப் பட்டினி போடாதீர்கள்.

இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு இருந்தும் சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 134. இன்சுலின் போட்டால் குழந்தைக்குப் போகுமா?

போகாது. நஞ்சுக்கொடியைத் தாண்டுவது சர்க்கரைதான். அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க, குழந்தை பெருத்துவிடுகிறது. தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரவு நிற்கும், சுரந்த இன்சுலின் நிற்காது. சில குழந்தைகளுக்குச் சர்க்கரை சடாரென்று இறங்குவது இதனால்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காக.

ஊசி போட்டபின் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நடுக்கம், வியர்வை வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். இன்சுலினை ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம், உறைந்தால் குப்பைதான்.

பிரசவமாகிவிட்டது. மாத்திரையும் நிறுத்தியாயிற்று. இனி?

ஆறாவது வாரம் மறுபடி அதே 75 கிராம், இந்த முறை வெறும் வயிற்றில். இரண்டாம் மணியில் 140-க்குக் கீழே நார்மல், 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும் அன்றே முடித்துவிடுங்கள்.