42 பிகோசெகண்ட் அலைவு: லேசர் கோளாறு இல்லை

குரோமியம் சல்பைடு புரோமைடு என்ற அடுக்குக் காந்தப் படிகத்தின் செதிலில் பம்ப்-ப்ரோப் சிக்னல் (பம்ப் என்ற லேசர் துடிப்பு தட்டிவிட, ப்ரோப் என்ற துடிப்பு சற்றுப் பின் அளப்பது) 42 பிகோசெகண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, காந்தப்புலத்தை அணைத்தால் மறைகிறது, லேசர் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை நண்பரே. அணைத்தால் மறைகிறது என்பதே பெரிய துப்பு. 42 பிகோசெகண்ட் என்றால் சுமார் 24 கிகாஹெர்ட்ஸ். இந்தப் படிகத்தின் மேக்னான் (எலக்ட்ரான் சுழற்சிகள் சேர்ந்து ஆடும் அலை) அதிர்வெண்களில் ஒன்று ஏறக்குறைய அதுதான்.

132 கெல்வினுக்குக் கீழே அடுத்தடுத்த அடுக்குகளின் சுழற்சிகள் (ஸ்பின், குட்டிக் காந்தங்கள் போன்றவை) எதிரெதிராக நிற்கும். அவற்றுக்கு இடையிலான கோணம் மாறினால் எக்ஸைட்டானின் (ஒளி உண்டாக்கும் எலக்ட்ரான்-துளை ஜோடி) ஆற்றலும் மாறும். பம்ப் துடிப்பு சுழற்சிகளை ஆட்டிவிடுகிறது, 1.36 எலக்ட்ரான் வோல்ட் அருகே இருக்கும் எக்ஸைட்டான் அந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் கோணம் சரியாக 180 பாகையாக இருக்கும்போது சின்ன ஆட்டம் ஆற்றலைப் பெரிதாக மாற்றாது. புலம் சுழற்சிகளைக் கொஞ்சம் சாய்த்த பிறகுதான் தெரியும். எவ்வளவு அழகான விஷயம் பாருங்கள்!

உறுதிப்படுத்த, புலத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அதிர்வெண் நகர்ந்தால் மேக்னான். படிகத்துக்குள் ஓடும் ஒலி அலையின் எதிரொலியாக இருந்தால் அசையாது. அப்புறம் 140 கெல்வினில் ஒருமுறை அளந்து பாருங்கள், அலைவு போய்விட வேண்டும். ப்ரோப்பை எக்ஸைட்டானின் நிறமாலை உச்சியில் வைக்காமல் சரிவில் வையுங்கள். ஒளிமுனைவு (ஒளியின் மின்புலம் ஆடும் திசை) படிகத்தின் பி அச்சின் திசையில் இருக்கட்டும். ஒற்றை அடுக்கில் தேட வேண்டாம், அங்கே சாய்வதற்குப் பக்கத்து அடுக்கே கிடையாது.