பாதிரியார் ஆண்டாரா, பன்றி ஆண்டதா? மாசசூசெட்ஸ் கேள்வி பதில்

1630-இல் பியூரிட்டன்கள் (இங்கிலாந்து சர்ச்சைச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற கிறிஸ்தவர்கள்) கூட்டமாக வந்து இறங்கிய, இன்றைய அமெரிக்காவில் இருந்த மாசசூசெட்ஸ் பே காலனி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், அங்கே பாதிரியார் ஆட்சிதானே?

பதில்: இல்லை. பாதிரியாருக்கு அரசுப் பதவி கிடையாது. கவர்னர் ஜான் வின்த்ராப் வக்கீல். ஆனால் 1631-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: சர்ச் சபை உறுப்பினரான ஆணுக்கு மட்டுமே ஓட்டு. சபையில் சேருவதும் லேசில்லை. கடவுளின் அருள் தன்னைத் தொட்ட விதத்தை எல்லோர் முன்னும் சொல்லி நம்பவைக்க வேண்டும். ஆக, நாற்காலி பாதிரியாருக்கு இல்லை. கதவுச் சாவி சபையிடம் இருந்தது.

கேள்வி: ஓட்டு எப்படிப் போட்டார்கள் அண்ணா?

பதில்: தானியத்தில்! 1643 சட்டப்படி, ஒருவரை மேல்பதவிக்கு ஏற்றால் ஒரு மக்காச்சோள மணி, வேண்டாம் என்றால் ஒரு பீன்ஸ் விதை. ஒன்றுக்கு மேல் போட்டு மாட்டினால் 10 பவுண்டு அபராதம். 1630-இல் தச்சருக்கு நாள் கூலி 2 ஷில்லிங்கைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், அந்தக் கணக்கில் 100 நாள் கூலி!

கேள்வி: பன்றியால் சட்டசபை இரண்டானது என்கிறார்களே, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான். பாஸ்டனில் ஷெர்மன் என்ற பெண்ணின் பன்றி காணாமல் போனது. ராபர்ட் கெய்ன் என்ற பணக்கார வியாபாரி அடித்துத் தின்றுவிட்டார் என்று வழக்கு. ஏற்கனவே 1639-இல் அநியாய விலைக்கு விற்றதற்காக அபராதம் கட்டியவர் என்பதால் ஊரே அவருக்கு எதிராகப் பேசியது. 1642-இல் வழக்கு காலனியின் சட்டசபையான பொதுச் சபைக்கே வந்தது. ஊர்ப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் அந்தப் பெண் பக்கம், மேல்பதவிக்காரர்களில் பெரும்பாலோர் கெய்ன் பக்கம். யார் சொல் செல்லும் என்ற சண்டை முற்றி, 1644-இல் இரு தரப்பும் தனித்தனியாக உட்கார ஆரம்பித்தன. பன்றி சும்மா ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புகைச்சல் அதற்கு முன்பே இருந்தது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும்?

பதில்: ஓய்வுநாள் சனி சாயங்காலமே தொடங்கிவிடும். ஞாயிறு காலையும் மதியமும் நீண்ட பிரசங்கம். வழிபாட்டுக் கூடத்தில் கணப்பு கிடையாது. 1686 ஜனவரியில் நற்கருணை ரொட்டி உறைந்துபோய், பிட்டுத் தட்டில் போட்டபோது கடகடவென்று சத்தம் கேட்டதாக பாஸ்டன்காரர் சாமுவேல் சீவால் டைரியில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: கிறிஸ்துமஸ்?

பதில்: 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். பைபிளில் தேதி இல்லையே என்பது அவர்கள் வாதம்.

கேள்வி: ஒத்துப்போகாதவர்கள்?

பதில்: ரோஜர் வில்லியம்ஸ், ஆன் ஹச்சின்சன் இருவருக்கும் நாடுகடத்தல். குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயர் துரத்தத் துரத்தத் திரும்பி வந்தார், 1660-இல் தூக்கு.

கேள்வி: கல்யாணமாவது சர்ச்சில் நடந்ததா? நம்ம சென்னைக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அங்கே திருமணம் வெறும் ஒப்பந்தம். நடத்தி வைப்பவர் மாஜிஸ்திரேட். 1649-இல் பாஸ்டனில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கிலாந்து போன எலிஹு யேல், பிற்பாடு புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் ஆனார். அதற்கு முன், 1680-இல், அவர் திருமணம் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி சர்ச்சில் நடந்தது. அந்தப் பதிவேட்டில் முதல் கல்யாணம் அவருடையதுதான். பிறந்த ஊரில் இருந்திருந்தால் அந்த வருடம் மாஜிஸ்திரேட் முன்னால்தான் நின்றிருப்பார்.