அதே சாராயத்தைக் குடித்தும் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. மூட்டை தூக்கும் வேலை. சாயங்காலம் பாக்கெட் சாராயம் குடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டான். போன மாதம் அவனோடு சேர்ந்து குடித்த இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதில் ஒருவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. தம்பியோ, "அவங்க வெறும் வயித்துல குடிச்சாங்க, என் உடம்பு தாங்கும்" என்கிறான். அது உண்மையா? இனிமேல் அவனுக்கு ஏதாவது வருமா? - ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

பதில்: ஒரு மாதம் ஆகிவிட்டதால், அன்று குடித்த சாராயம் இனிமேல் புதிதாக எதுவும் செய்யாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனாலும் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பார்வை லேசாக மங்கியிருந்தால் பலர் வெளியே சொல்வதில்லை.

மற்றபடி, மெத்தனாலைத் தாங்கும் உடம்பு என்று ஒன்று கிடையாது. மெத்தனால் ஆலைகளில் பயன்படும் ரசாயனம். போதை ஏற வேண்டும் என்று சாராயத்தில் இதைக் கலந்து விற்கிறார்கள். நிறத்திலோ வாசனையிலோ வித்தியாசம் தெரியாது. எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே அளவாகவும் இருக்காது. உங்கள் தம்பி கையில் கிடைத்தது குறைவாகக் கலந்ததாக இருந்திருக்கலாம். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் விஷம் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். உள்ளே போன விஷம் குறையாது.

இன்னொரு விஷயமும் உண்டு. குடித்தவுடன் மெத்தனால் பெரிதாக எதுவும் செய்யாது. ஈரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. அந்த அமிலம் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று கண் நரம்பு. வழக்கமான சாராயத்தில் இருக்கும் எத்தனாலையும் ஈரலில் உள்ள அதே நொதிதான் உடைக்கிறது. எத்தனால் இருக்கும்வரை மெத்தனாலை அது அதிகம் தொடாது. அதனால் சாதாரணமாக 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிய வேண்டிய அறிகுறி, இரண்டும் கலந்து குடித்தவருக்கு இன்னும் தள்ளிப்போகும். ராத்திரி குடித்தவர் காலையில் எழுந்து வேலைக்கே போயிருப்பார். மத்தியானம் வயிற்றைப் பிசையும், வாந்தி வரும், பிறகு கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகப் பனி மூடியதுபோல் இருக்கும், மூச்சு வேகமாக வாங்கும். வாந்தி வந்தவுடன் அல்சர் என்று நினைத்து மோர் கொடுத்துப் படுக்க வைப்பதில்தான் நம் ஊரில் பல உயிர்கள் போகின்றன.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டவர்கள். கருணாபுரத்தில் முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்ற பேச்சு பரவிய நேரத்தில், துக்கத்துக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. எனக்கு இன்றும் ஆறாத இடம் அதுதான்.

ஆகவே, அக்கம்பக்கத்தில் குடித்த ஒருவருக்கு இப்படி ஆனால் அதை அவர் வீட்டுச் சமாச்சாரமாக விட்டுவிடாதீர்கள். அன்று அவரோடு குடித்தவர்கள், அதே இடத்தில் வாங்கியவர்கள் எல்லோரையும், ஒன்றும் இல்லை என்று சொல்பவரையும் சேர்த்து, 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மீதிப் பாக்கெட் இருந்தால் கொட்டாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். டாக்டரிடம் "சாராயம் குடித்தார்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். போலீஸுக்குத் தகவல் போகும்தான். அதற்காகச் சிகிச்சை நிற்காது. சீக்கிரம் வந்தால், மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்க மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றலாம். பார்வை போன பிறகு வந்தால் உயிரைக் காப்பாற்றினாலும் கண்ணைத் திருப்பித் தருவது கடினம். எத்தனாலும் ஒரு மாற்று மருந்துதான் என்று கேள்விப்பட்டு வீட்டில் பிராந்தி ஊற்றிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையோடு, அளவு பார்த்துத் தர வேண்டியது அது.

சரி, தம்பியின் குடிக்கு வருவோம். தினமும் குடிப்பவரைத் திட்டி, அறையில் பூட்டி, ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தால் மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள். அவர் வர மறுத்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசலாம். குடும்பத்தாருக்கும் ஆலோசனை சொல்வார்கள், கட்டணம் கிடையாது. அவர் குடிக்காமல் இருக்கும் காலை நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுங்கள். கண் போன அந்த நண்பரையும் உடன் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.