ஹேரி க்ராப் விருந்து: ஏரி பேருக்குக் காசு கொடுக்காதீங்க, கூப்பன் பக்கமே போகாதீங்க

கேள்வி: ஹாங்காங்ல வேலை பாக்குறேன். நவம்பர் முதல் வாரம் ரெண்டு கிளையன்ட்ஸை பெரிய சைனீஸ் ரெஸ்டாரன்ட் ஒண்ணுக்கு ஹேரி க்ராப் (கொடுக்குல ரோமம் இருக்குற சீன நன்னீர் நண்டு) டின்னருக்குக் கூட்டிட்டுப் போகணும். மனைவியும் வர்றாங்க, அவங்க பன்றிக்கறி தொட மாட்டாங்க. மெனுல யாங்செங் ஏரி நண்டுன்னு போட்டு விலையை ஏத்தி வச்சிருக்காங்க. தெரிஞ்ச ஏஜென்ட் ஒருத்தர் அதே ஏரி நண்டுக்குப் பாதி விலையில கூப்பன் தர்றேங்குறார். எதை நம்புறது?

பதில்: முதல்ல அந்த ஏஜென்ட்டுக்கு வேணாம்னு சொல்லிடுங்க, மத்ததை அப்புறம் பேசுவோம். இந்த நண்டு கூப்பன் சமாச்சாரம் சீனாவுல ரொம்ப நாளா ஓடிட்டிருக்கு. கடைக்காரர் அப்புறமா காட்டி நண்டு வாங்கிக்கலாம்னு கூப்பன் அச்சடிச்சு விக்கிறார், ஒருத்தர் வாங்கி இன்னொருத்தருக்கு கிஃப்டா கொடுக்குறார், வாங்கினவர் போன் பண்ணா ஸ்டாக் இல்ல அடுத்த வாரம் பாக்கலாம்னு இழுத்தடிக்கிறாங்க, கடைசியில அவர் வெறுத்துப்போய் கிடைச்ச விலைக்கு ஒரு புரோக்கர்கிட்ட தள்ளிவிட, அது சுத்தி அதே கடைக்குத் திரும்பிப் போயிடுது. இவ்வளவு கை மாறியும் ஒரு நண்டு கூட ஏரியை விட்டு வெளிய வரல! அதிர்ஷ்டத்துக்கு நண்டு வந்துட்டாலும் பெரிய ரெஸ்டாரன்ட்ல வெளி நண்டைப் பெரும்பாலும் உள்ள விட மாட்டாங்க. நீங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல உயிரோட வச்சுக் காப்பாத்தணும். செத்துப்போச்சுன்னா தூக்கிப் போடுங்க, காசு போனா போகுதுன்னு வேகவைக்காதீங்க. செத்த நண்டுல சேர்ற ஹிஸ்டமின்ங்குற நச்சுப் பொருள் எவ்வளவு கொதிச்சாலும் போகாது.

அடுத்தது ஏரி. யாங்செங் ஏரி ஜியாங்சு மாகாணத்துல சூஜோ பக்கம் இருக்கு. நிஜமாவே நல்ல நண்டு விளையுற இடம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா தண்ணி கெட்டுப்போகுதுன்னு அரசாங்கம் அங்க வலைப் பண்ணைகளோட பரப்பை வெட்டிக் குறைச்சிடுச்சு. நண்டு குறைஞ்சுபோச்சு, பேர் மட்டும் எல்லா ஊர் மெனுலயும் இருக்குன்னா கணக்கு எப்படி வரும்? வேற ஊர்ல வளர்ந்த நண்டைக் கொண்டுவந்து கொஞ்ச நாள் அந்த ஏரியில முக்கி எடுத்து ஏரி நண்டுன்னு விக்கிறது பழைய வித்தை. அசல் ஏரி நண்டுன்னு காட்டக் கொடுக்குல மாட்டியிருக்குற வளையம், க்யூஆர் கோடு எதையும் நம்பாதீங்க, அந்த வளையத்தைத் தனியாவே ஆன்லைன்ல வித்துப் பிடிபட்டிருக்காங்க. புதுசு புதுசா வளையம் விடுறதுல இருக்குற அக்கறை அது யார் கைக்குப் போகுதுன்னு பாக்குறதுல இருந்தா நான் இதை எழுதவே வேணாம். ஹாங்காங்ல ஹேரி க்ராப் விக்க பர்மிட் வேணும், இறக்குமதிக்கு ஹெல்த் சர்டிஃபிகேட் வேணும், நல்ல விஷயம்தான். ஆனா அதெல்லாம் சாப்பாட்டுப் பாதுகாப்புக்கு, எந்த ஏரின்னு சொல்றதுக்கு இல்ல. பாதுகாப்பு விஷயத்துலயும் 2016ல ஜியாங்சுலேர்ந்து வந்த நண்டுல டயாக்ஸின்ங்குற நச்சு அளவுக்கு மேல இருக்குன்னு ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையமே கண்டுபிடிச்சு இறக்குமதியை நிறுத்தினாங்க. அதனால ஏரி பேருக்குன்னு கூடுதலா ஒரு டாலர் கேட்டாலும் கொடுக்காதீங்க.

காசு கொடுக்க வேண்டியது சைஸுக்கும் உயிருக்கும். மெனுல 4 டேல்னு (டேல்ங்குறது சீன எடை அளவு) போட்டிருந்தா எந்த டேல்னு கேளுங்க. ஹாங்காங் டேல் 38 கிராம்கூட வராது, மெயின்லேண்ட் சீனாவுல அதே அளவு 50 கிராம். அதாவது 4 டேல் நண்டு இங்க 150 கிராம், அங்க 200 கிராம். ஏஜென்ட் ஒரு கணக்குல பேசி இன்னொரு கணக்குல நண்டைக் கொடுத்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஈரக் கயிறைச் சுத்தித்தான் நண்டைக் கட்டுறாங்க, அந்த எடையும் உங்க தலையிலதான். கிராம்ல சொல்லச் சொல்லுங்க. வேகவைக்கிறதுக்கு முன்னாடி தட்டுல கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க, கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. கண்ணுகிட்ட விரலைக் கொண்டுபோனா சட்டுனு கண்ணை உள்ள இழுக்கணும். அடிவயித்து மடல் வட்டமா இருந்தா பெண், கூம்பா இருந்தா ஆண், நம்ம ஊர் நண்டு மாதிரியேதான். இலையுதிர் காலத்துல இது இனப்பெருக்கத்துக்காக ஆத்தோட போக்குல கடல் பக்கம் இறங்குற ஜாதி, அதுக்காகத்தான் அப்ப உடம்புல இவ்வளவு கொழுப்பும் சினையும் சேத்து வச்சிருக்கும். பெண் நண்டு முந்தி முத்தும், ஆண் பிந்தி. நவம்பர் முதல் வாரம்னா ரெண்டுமே நல்லா இருக்கும், ஆளுக்குப் பெண் ஒண்ணு, ஆண் ஒண்ணு சொல்லுங்க.

இப்ப உங்க மனைவி விஷயம், இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. முழு நண்டை பெரில்லாங்குற வாசனை இலை போட்டு ஆவியில வேகவச்சுத் தருவாங்க, தொட்டுக்க கறுப்பு வினிகரும் இஞ்சியும், அதுல பன்றி எதுவும் இல்ல, தாராளமா சாப்பிடலாம். ஆனா செட் மெனுல நண்டு மட்டுமா வருது? நண்டுச் சதையையும் சினையையும் பிரிச்செடுத்து வதக்குற டிஷ் எல்லாம், டோஃபு மேல ஊத்துறது, நூடுல்ஸ் மேல போடுறது, பாரம்பரியமா பன்றிக் கொழுப்புலதான் வதக்குறாங்க. நண்டோட சினையும் கொழுப்பும் மட்டும் போட்டு விலை ஏத்தி வர்ற டிஷ்ஷும் அப்படித்தான். நண்டு ஷியாவ்லாங்பாவ்னா (ஆவியில வேகவச்ச சூப் கொழுக்கட்டை) உள்ள பன்றிக்கறியும் பன்றித்தோல்ல எடுத்த ஜெல்லியும் இருக்கும், பேர்ல நண்டு மட்டும்தான் தெரியும். சூப்புக்கு ஊத்துற நல்ல ஸ்டாக்ல, அதாவது கறி வேகவச்ச சாறுல, ஹாம் (பதப்படுத்தின பன்றித்தொடை) இருக்கும். கடைசியா இஞ்சித் தண்ணியில கறுப்பு எள் உருண்டை வருமே, இனிப்புதானேன்னு எடுத்துப் போட்டுக்குவாங்க, அந்தப் பூரணத்துலயும் பன்றிக் கொழுப்பு சேக்குறது வழக்கம். போர்க் வேணாம்னு மட்டும் சொன்னா வெயிட்டர் கறித்துண்டு இல்லாத டிஷ்ஷைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போயிடுவார், அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது. கொழுப்பு, ஸ்டாக், ஹாம் மூணையும் தனித்தனியா சொல்லணும், அதுவும் புக் பண்ணும்போதே சொல்லணும், ஏன்னா அந்த நண்டுச் சதை, சினைக் கலவையைக் காலையிலயே மொத்தமா வதக்கி வச்சிடுவாங்க.

சாப்பிடுற முறைக்கு ரொம்பக் கவலைப்படாதீங்க. ஓட்டைத் திறந்ததும் செவுள், இரைப்பை, குடல், நடுவுல இருக்குற சின்ன இதயம் இதை ஒதுக்கிடுங்க, மத்தது எல்லாம் உங்களுது. கருவி பழக்கமில்லன்னா பிரிச்சுக் கொடுக்க ஆள் இருப்பாங்க, கேளுங்க. ஒயின்ல ஊறவச்ச பச்சை நண்டு மட்டும் எவ்வளவு பெரிய ரெஸ்டாரன்ட்டா இருந்தாலும் வேணாம், பச்சை நண்டுல இருக்கக்கூடிய நுரையீரல் புழு ஒயினுக்கெல்லாம் சாகாது. யூரிக் ஆசிட் தொல்லை இருக்குற கிளையன்ட்டா இருந்தா அவருக்கு வேற டிஷ் சொல்லி வைங்க.

போன் பண்ணும்போது மேனேஜர்கிட்ட மூணே விஷயம் கேளுங்க: ஒரு நண்டு எத்தனை கிராம், உயிரோட காட்டுவீங்களா, பன்றிக் கொழுப்பு இல்லாம அந்த டோஃபுவைச் செய்ய முடியுமா. மூணாவதுக்கு முடியாதுன்னா செட் மெனுவை விட்டுட்டு முழு நண்டும் காய்கறியும் தனியா ஆர்டர் பண்ணுங்க, பில்லும் குறையும்.