ஸ்லீப்பி ஹாலோ படத்தில் பேய் நிஜம்தான் என்று பாதியிலேயே காட்டிவிடுகிறார்களே, அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது?

தலையில்லாத குதிரைவீரன் மாஜிஸ்திரேட்டின் தலையைச் சீவிய இடத்தோடு ரிமோட்டை எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் தம்பியும் அதையேதான் செய்தான். "பேய்தான் கொலைகாரன், முடிஞ்சுபோச்சு" என்று எழுந்தவனை அம்மா உட்காரவைத்தார்.

"பேய் கெடக்குதுடா. அதை ஏவிவிட்டது யாருன்னு பாரு. செத்தவன் சொத்து யாருக்குப் போகுது?"

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் நடுநடுவே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தாத்தாவின் நிலத்துக்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர். 1799இல், நியூயார்க்குக்கு வடக்கே ஒரு டச்சுக் கிராமத்தில் நடக்கும் கதை அவருக்கு அன்னியமாகவே படவில்லை.

நீங்கள் பார்த்த பகுதியிலேயே தடயம் வந்துவிட்டது. நாலு குழியில் ஐந்து பேர் என்ற பேச்சு வருகிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் துப்புத் துலக்க வந்த இகபாட் கிரேன் (ஜானி டெப்) விதவை வின்ஷிப்பின் உடலை அறுத்துப் பார்க்கிறான். ஒரே ஒரு வாள்குத்து, அதுவும் நேராகக் கர்ப்பப்பையில். கண்டவர்களை வெட்டித் திரிகிற பேய் பிறக்காத வாரிசைத் தேடிக் குத்துமா? குதிரைவீரனின் மண்டையோடு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொன்ன ஆளைத்தான் அவன் வெட்டுவான். அவன் வெறும் அரிவாள். பிடித்த கையைத்தான் மீதிப் படம் தேடுகிறது.

அம்மா முதலில் சந்தேகப்பட்டது, செத்த பணக்காரரின் சொத்து அடுத்துப் போய்ச் சேரும் உறவினரான பெரியவர் வான் டாசலை. இகபாடும் அவரைத்தான் சந்தேகப்படுகிறான். குதிரைவீரனால் தேவாலயத்துக்குள் நுழைய முடியாது. வேலிக்கம்பில் கயிறு கட்டி, ஜன்னல் வழியாக எறிந்து, அவரைக் குத்தி வெளியே இழுத்துப் போடுகிறான். அம்மா அசரவில்லை. "அப்போ அந்த ரெண்டாம் பொண்டாட்டிதான்." தம்பி வாயே திறக்கவில்லை. (1999இல் வந்த படத்துக்கு முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

மூலக்கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று கிளம்பும், அதை எழுதிய வாஷிங்டன் இர்விங்கின் ரசிகர்களுக்கு: 1820இல் வந்த அந்தக் கதையில் இகபாட் பள்ளிக்கூட வாத்தியார், துப்புத் துலக்கவே ஒரு கொலை கிடையாது. இயக்குநர் டிம் பர்ட்டன் மாற்றியது நல்லதுதான். படத்தில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வில்லி கடைசியில் நின்று நிதானமாக எல்லாவற்றையும் ஒப்பிப்பது எனக்கும் எரிச்சல்.

இன்னொன்று, மங்கலாக இருக்கிறது என்று படத்தைத் திட்டாதீர்கள். ஒளிப்பதிவாளர் லூபெஸ்கி வேண்டுமென்றே சாயம் வெளுத்த மாதிரி எடுத்தது அது. கலை இயக்கத்துக்கு ஆஸ்கரே கொடுத்தார்கள். எங்கள் வீட்டு டிவியை சர்வீஸ் பார்க்க வந்தவர் "கலர் பத்தலை சார்" என்று எதையோ அமுக்கிவிட்டுப் போனார், அன்றிலிருந்து பேய்க்காடுகூடக் கல்யாண மண்டபம் மாதிரி மின்னுகிறது. பழையபடி மாற்றித் தரச் சொன்னால் அதற்கும் விசிட்டிங் சார்ஜ் கேட்கிறார்கள்!